சிதறால் டூ சென்னை ‘விமான தூரம்’ 610 கி.மீ... ஆனா வீடு போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

சென்னையில் வேலை. ஊரில் இருந்து திடீர்னு ஒரு போன்: “மக்ளே, எப்பம் வந்து சேருவ?” உடனே மொபைலில் சென்னை - சிதறால் விமான தூரத்தைத் தேடினால், சில இணையதளங்கள் பதிலும் சொல்லிவிடும்: சுமார் 610 கி.மீ., பயண நேரம் 1 மணி 15 நிமிடம். ஆனால், சிதறாலில் சமணர் மலை உண்டு. ஏர்போர்ட் கிடையாது!

இந்த நேரம் எப்படி வருது?

இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து, பூமியின் வளைவையும் சேர்த்து, மிகக் குறுகிய தூரம் கணக்கிடப்படுகிறது. அதை மணிக்கு சுமார் 800 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் வேலை முடிந்தது. அங்கே ரன்வே இருக்கிறதா, விமானம் போகிறதா என்றெல்லாம் இந்தக் கணக்கு பார்க்காது.

நிஜத்தில் எந்த ஏர்போர்ட்?

சிதறாலுக்குப் பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம் ஏர்போர்ட். நேர்கோட்டில் சுமார் 40 கி.மீ. மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகச் சாலையில் போனால் 50 கி.மீ. வரை வரும். 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு இணைந்த பகுதி இது. ஆனாலும் பிளைட் பிடிக்க மாநில எல்லையைத் தாண்டித்தான் ஆகணும்.

தூத்துக்குடி?

வான்வழியில் சென்னை - திருவனந்தபுரம் சுமார் 615 கி.மீ. சென்னை - தூத்துக்குடி சுமார் 530 கி.மீ.தான். ஆனால் அந்த ரூட்டில் பல ஆண்டுகளாகப் பறந்தது ஏ.டி.ஆர். ரக விமானம். அதன் வேகம் மணிக்கு சுமார் 500 கி.மீ.தான். அதனால் தூரம் குறைந்தும் நேரம் மிச்சமாகவில்லை. 2025 ஜூலையில் அங்கே புது டெர்மினல் திறக்கப்பட்டது. ஆனாலும், அங்கிருந்து சிதறாலுக்கு நேர்கோட்டிலேயே சுமார் 97 கி.மீ. பாக்கி இருக்கு.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் எது?

அது வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நிற்கும் இடத்தில் இருந்து நகர்வது முதல், இறங்கிய ஏர்போர்ட்டில் போய் நிற்பது வரையான மொத்த நேரம். ரன்வேயில் வரிசையில் காத்திருப்பதும் இதில் அடக்கம்.

வீட்டுக் கணக்கு

சென்னையில் ரூமில் இருந்து ஏர்போர்ட் போக 1 மணி நேரம். உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாக 60 நிமிடத்துக்கு முன்பே செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள் என்பதால், அங்கே ஒன்றரை மணி நேரம். பிளைட்டில் சுமார் 1 மணி 20 நிமிடம். இறங்கிப் பையை எடுக்க அரை மணி நேரம். அங்கிருந்து காரில் ஒன்றரை முதல் 2 மணி நேரம். மொத்தம் 6 மணி நேரத்தைத் தொடும். அதுவும் அடுத்த பிளைட் உடனே கிடைத்தால்தான்! கடைசி பிளைட்டை விட்டுவிட்டால், ஒரு ராத்திரி முழுக்க ஓடி குழித்துறைக்கு வரும் ரயிலே முந்திக்கொள்ளலாம்.

கனடாவின் வடக்கே நுனாவுட்டில் நிலைமை வேற. அங்குள்ள ஊர்களை நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைக்கும் சாலையே கிடையாது. அங்கே விமான தூரம்தான் தூரம். சிதறாலுக்கு அப்படி இல்லை. கடைசி 50 கி.மீ. ரோடுதான் நேரத்தை முடிவு பண்ணும்.

அதனால், வீட்டில் காத்திருப்பவர்களிடம் ‘பிளைட்டுல ஒரு மணி நேரம்தான்’ என்று சொல்லாதீங்க. வாசலில் இருந்து வாசல் வரை கணக்குப் போட்டுச் சொல்லுங்க.