குருதித்துளியும் எலும்பும்: ஆர்ஜென்ரீனா பற்றிச் சில குறிப்புகள்

எம்மில் பலருக்கு டி.என்.ஏ. என்ற சொல் பாடப்புத்தகத்தில் அறிமுகமானதல்ல. குடிவரவுத் திணைக்களத்திலிருந்து வந்த கடிதமொன்றில் அறிமுகமானது. மனைவி பிள்ளைகளைக் கூப்பிட விண்ணப்பித்தவர்களிடம், பிறப்புச் சான்றிதழையும் கிராம சேவகரின் கடிதத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு, பிள்ளை உன்னுடையதுதான் என்பதைக் குருதியால் நிரூபி என்று கேட்டார்கள். இது தற்செயலல்ல. இங்கிலாந்தின் லெஸ்ரர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் 1984 இல் கண்டறிந்த 'டி.என்.ஏ. கைரேகை' முதன்முதல் பயன்பட்டது எந்தக் கொலை வழக்கிலுமல்ல. 1985 இல் கானா நாட்டுக் குடும்பமொன்றின் பையனை, அவன் அந்தத் தாயின் மகன்தானா என்று பிரித்தானியக் குடிவரவு அதிகாரிகள் சந்தேகித்த வழக்கில்தான் அது முதலில் பேசியது. அந்தப் பையன் தாயுடன் தங்கினான்.

இதை நான் சொல்லத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு நண்பரின் கேள்வி. இலத்தீன் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புறக்கணிக்கப்பட்ட அயனமண்டல நோய்களும் தடயவியல் உயிர்த்தொழில்நுட்பமும் ஒரே ஆய்வுப் பரப்பில், சிலவேளை ஒரே கட்டடத்தில், கற்பிக்கப்படுகின்றன என்று ஒரு கூட்டத்தில் குறிப்பிட்டேன். அவர் வரலாறு படித்தவர். "ஒன்று சீவனோடிருக்கிறவன்ரை கிருமி, மற்றது செத்தவன்ரை எலும்பு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். அன்று நான் கொடுத்த பதில் அரைகுறையானது. யாழ்ப்பாணத்தில் விலங்கியல் பட்டத்தை முடிக்காமல் வெளியேறி, இருபத்தைந்து வருடங்களாக ஐரோப்பிய வைத்தியசாலையொன்றின் ஆய்வுகூடத்தில் குருதிக்குழாய்களோடு காலம் கழிப்பவன் நான். ஆகவே என் மேசையிலிருந்தே தொடங்குகிறேன்.

எமது ஆய்வுகூடத்திற்குப் பொலிவியாவிலிருந்தும் ஆர்ஜென்ரீனாவிலிருந்தும் வந்த கர்ப்பிணிப் பெண்களின் குருதி வருவதுண்டு. தேடுவது ஷாகஸ் நோயை. 1909 இல் பிரேஸிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் கார்லோஸ் ஷாகஸ் இந்நோயைக் கண்டார். ஒட்டுண்ணி, அதைக் காவும் பூச்சி, நோயுற்ற மனிதர் ஆகிய மூன்றையும் ஒருவரே கண்டறிந்தது மருத்துவ வரலாற்றில் அபூர்வம். மண்சுவர் வெடிப்புகளிலும் கூரை ஓலைகளிலும் வாழும் பூச்சி அது. ஆர்ஜென்ரீனாவில் 'வின்சூக்கா' என்பார்கள். மூட்டைப்பூச்சியின் இனத்தவன், ஆனால் பெரியவன். இரவில் வந்து தூங்குபவரின் முகத்தில் குருதி குடித்து, அவ்விடத்திலேயே மலம் கழிக்கும். அந்த மலத்தில்தான் ஒட்டுண்ணி இருக்கிறது. சொறியும்போது காயத்தினூடாகவோ கண்ணினூடாகவோ உட்செல்கிறது. பிறகு வருடக்கணக்கில் சத்தமில்லை. தொற்றியவர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கு இருபது முப்பது வருடங்களின் பின் இதயம் பழுதாகிறது. வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர் திடீரென விழுந்து இறக்கிறார். ஊரார் விதி என்கிறார்கள். உலகில் ஏறத்தாழ எழுபது இலட்சம் பேரிடம் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மருந்துகள் இரண்டே இரண்டு. இரண்டும் 1960கள், 1970களில் வந்தவை. 2011 இல் அவற்றிலொன்று கையிருப்பின்றிப் போனது. வாங்கக் காசில்லாதவனின் நோய்க்கு மருந்துக் கம்பனி அவசரப்படுவதில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

ஆர்ஜென்ரீனாவில் இந்நோயைத் தேடிப் போனது ஒரு பல்கலைக்கழகம் என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். 1920களின் இறுதியில் புவெனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்பில், தலைநகரிலிருந்து வெகுதூரத்தில் வடமேற்கு எல்லை மாகாணமான ஹுஹுயில், சல்வடோர் மாஸா ஓர் ஆய்வு நிலையத்தை நடத்தினார். புகையிரதப் பெட்டியொன்றை ஆய்வுகூடமாக்கி ஊரூராகக் கொண்டு திரிந்தார். ஷாகஸின் சொந்த நாட்டிலேயே மருத்துவக் கழகத்தார் 1920களில் 'இப்படியொரு நோய் பரவலாக உண்டா?' என்று ஐயம் கிளப்பி அவரை ஓரங்கட்டியிருந்தார்கள். மாஸாவும் அவருடைய ஆட்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரை ஆவணப்படுத்தி அந்த வாயை அடைத்தார்கள். 1946 இல் மாஸா இறந்தார். நிலையம் தேய்ந்து 1950களின் இறுதியில் மூடப்பட்டது.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். ஷாகஸ் ஒட்டுண்ணி ஒரு கல உயிரி. அதனுள் ஒரேயொரு பெரிய இழைமணி. (எமது பாடசாலை உயிரியலில் இழைமணி என்றே படித்தோம். இந்திய நூல்களில் மைட்டோகாண்ட்ரியா என்று காண்பீர்கள்.) அந்த இழைமணிக்குள் டி.என்.ஏ. சின்னஞ்சிறு வளையங்களாக, ஆயிரக்கணக்கில், சங்கிலிக் கவசம்போலக் கோத்துக் கிடக்கிறது. நாட்பட்ட நோயாளியின் குருதியில் ஒட்டுண்ணிகள் மிகச்சிலவே இருக்கும். நுணுக்குக்காட்டியில் தேடினால் அகப்படாது. ஆனால் ஓர் ஒட்டுண்ணியில் ஆயிரக்கணக்கான வளையங்கள் இருப்பதால், அந்த வளையத்தைப் பிரதி செய்து பெருக்கும் பீ.சீ.ஆர். முறையில் அகப்படும். புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு இது உயிர்ப் பிரச்சினை. தாயின் பிறபொருளெதிரிகள் குழந்தையின் குருதியில் மாதக்கணக்கில் தங்குவதால் வழமையான சோதனை குழம்பிவிடும். முதல் வருடத்துக்குள் மருந்து கொடுத்தால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் குணமாகும். இந்தச் சோதனையைப் பல நாட்டு ஆய்வுகூடங்கள் ஒரேமாதிரிச் செய்யும்படி ஒழுங்குபடுத்தியதில் புவெனஸ் அயர்ஸிலுள்ள ஆய்வாளருக்குப் பெரும் பங்குண்டு.

மனித எலும்பிலும் கணக்கு இதேதான். கலமொன்றின் கருவில் உள்ள டி.என்.ஏ. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டே பிரதி. இழைமணியிலோ நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில். மண்ணுக்குள் கிடந்து உக்கிய எலும்பில் முதலாவது அழிந்துபோன பின்னும் இரண்டாவது மிஞ்சியிருக்கலாம். ஆக, குழந்தையின் குருதியில் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியைத் தேடும் கையும், தொடை எலும்பின் பொடியில் ஒரு மனிதனின் பெயரைத் தேடும் கையும் ஒரே பயிற்சி பெற்ற கை. இயந்திரம் ஒன்று, இரசாயனம் ஒன்று. பயமும் ஒன்று: செய்பவரின் எச்சிலோ தோலோ கலந்துவிடுமோ என்ற பயம்.

ஆனால் தொழில்நுட்ப ஒற்றுமை மட்டும் இந்தக் கதையை உண்டாக்கவில்லை. 1966 யூலை 29 இரவு, இராணுவ ஆட்சியின் பொலிஸார் புவெனஸ் அயர்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குள் புகுந்து பேராசிரியர்களையும் மாணவர்களையும் அடித்து நொருக்கினார்கள். 'நீண்ட தடிகளின் இரவு' என்று அதற்குப் பெயர். நூற்றுக்கணக்கானோர் நாட்டைவிட்டுப் போனார்கள். அதற்கும் முன்னரே, 1963 இல், அரச நுண்ணுயிரியல் நிலையமொன்றில் நடந்த பதவி நீக்கங்களை எதிர்த்து சீசர் மில்ஸ்ரைன் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பியிருந்தார். 1984 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அது பிரித்தானிய ஆய்வுகூடத்தின் கணக்கில் எழுதப்பட்டது. 1976 மார்ச் 24 சதிப்புரட்சியின் பின் நடந்தவை பலருக்கும் தெரியும். ஆணைக்குழுவின் 1984 அறிக்கை 8,961 பேரைப் பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் 30,000 என்கின்றன. தடுப்பு முகாம்களில் பிறந்த அல்லது பெற்றோருடன் பிடிபட்ட ஏறத்தாழ 500 குழந்தைகள் இராணுவத்தினருக்கும் அவர்களுக்கு வேண்டியவர்களுக்கும் பங்கிடப்பட்டன.

1977 இல் அந்தக் குழந்தைகளின் அம்மம்மாக்களும் அப்பம்மாக்களும் அமைப்பாகினார்கள். பெற்றோர் உயிருடன் இல்லை. அப்படியானால் பேரப்பிள்ளையின் குருதியை அம்மம்மாவின் குருதியோடு நேரே ஒப்பிட முடியுமா? இந்தக் கேள்வியோடு அவர்கள் 1982 இல் நியூயோர்க்கில் சந்தித்தது விக்ரர் பெஞ்சஸாடே என்ற பிறப்புரிமையியல் மருத்துவரை. அவர் ஆர்ஜென்ரீனர், தன்னைக் கடத்த வந்தவர்களிடமிருந்து தப்பி நாட்டைவிட்டு வெளியேறியவர். எங்களைப்போல ஓர் அகதி. அவர் தன்னால் முடியாததற்கு முடிந்தவர்களைத் தேடிக்கொடுத்தார். தொடர்புகள் நீண்டு, 1984 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து மேரி-கிளேயர் கிங் ஆர்ஜென்ரீனா சென்றார். இடையில் ஒரு தலைமுறை இல்லாமலே உறவின் நிகழ்தகவைக் கணிக்கும் 'பேரர் சுட்டி' பிறந்தது. அதே வருடம் டிசம்பரில், எட்டு வயதுச் சிறுமியொருத்தி இம்முறையால் தன் குடும்பத்திடம் மீண்டாள். பின்னர் கிங் இழைமணி டி.என்.ஏ.யைக் கொண்டுவந்தார். அது தாய்வழியே மட்டும் செல்வது. தமிழில் இதை விளக்குவது ஆங்கிலத்தைவிடச் சுலபம்: அம்மம்மாவிடம் இருப்பது பேரப்பிள்ளையிடம் இருக்கும், அப்பம்மாவிடம் இருப்பது இருக்காது. மகனுக்கும் கிடைக்கும், ஆனால் அவனோடு நின்றுவிடும்.

1987 இல் சட்டமியற்றித் தேசிய பிறப்புரிமைத் தரவு வங்கி ஒன்று அரச வைத்தியசாலையொன்றில் நிறுவப்பட்டது. பொலிஸாரிடம் அல்ல. அதை ஏற்படுத்தும்போது மூதாட்டிகளின் மனதில் இருந்தது தமது மரணம். நாங்கள் போனபிறகு பிள்ளை தேடி வந்தால் யாருடைய குருதியோடு ஒப்பிடுவது? 2025 யூலையில் 140ஆவது பேரர் கண்டறியப்பட்டார். நாற்பதுகளின் இறுதியில் இருக்கும் மனிதர்கள் அவர்கள். பல பாட்டிமார் இன்று இல்லை. அவர்களின் குருதி இருக்கிறது.

எலும்புகளின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்கத் தடயவியல் மானிடவியலாளர் கிளைட் ஸ்னோ 1984 இல் வந்தபோது அனுபவசாலிகளான உள்ளூர் நிபுணர்கள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொண்டனர். பயம், நியாயமான பயம். முன்வந்தவர்கள் மானிடவியல், மருத்துவ மாணவர்கள். அகழாய்வுக் கரண்டியும் தூரிகையுமாக அவர்களைப் புதைகுழிக்குள் இறக்கி ஸ்னோ பயிற்றுவித்தார். 1985 இல் இராணுவத் தளபதிகளுக்கெதிரான வழக்கில் அவர் எலும்பைச் சாட்சியாக நிறுத்தினார். அந்த மாணவர்கள் அமைத்த குழு பின்னர் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் வேலை செய்தது. சைப்பிரஸில் கிரேக்க, துருக்கிய இளம் விஞ்ஞானிகளை ஒரே குழியருகில் இருத்திப் பயிற்றுவித்ததும் அவர்கள்தான். அங்கு காணாமற்போன ஏறத்தாழ 2,000 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டுள்ளனர்.

எமது நிலை என்ன? 1999 இல் செம்மணியில் 15 எலும்புக்கூடுகள். 2012 இல் மாத்தளையில் 150க்கும் மேல். 2018 இல் மன்னாரில் 300க்கும் மேல். 2025 இல் மீண்டும் செம்மணியில் 200க்கும் மேல். மன்னாரில் ஒரு சில மாதிரிகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்று 2019 இல் முடிவு வந்தது. அம்முடிவு சரியா பிழையா என்பதல்ல இங்கு என் கேள்வி. எந்த எலும்பை, யார், எப்படித் தெரிந்தெடுத்தார் என்பதை விளங்கிக்கொள்ளவும் குறுக்குக் கேள்வி கேட்கவும் வல்ல எத்தனை பேரை எமது சமூகம் உருவாக்கியிருக்கிறது? வெளிநாட்டில் எம்மிடம் பொறியியலாளரும் கணக்காளரும் போதியளவு உள்ளனர். தடயவியல் பிறப்புரிமையியல் படிக்கப்போகிறேன் என்ற மகளுக்கு 'உது என்ன படிப்பு?' என்று கேட்ட தகப்பனை எனக்குத் தெரியும்.

சில சங்கடங்களையும் சொல்லியாக வேண்டும். ஊருக்குள்ளும் சாதிக்குள்ளும் தலைமுறைகளாகக் கொண்டு கொடுத்த சமூகத்தில் ஒரே தாய்வழி இழைமணி வரிசை பலரிடம் இருக்கலாம். அப்போது அதன் பொருத்தம் மட்டும் பெயர் சொல்லாது. கருவின் டி.என்.ஏ.யும் வேண்டும், எமது சனத்தொகையில் எந்த வரிசை எவ்வளவு சாதாரணம் என்ற தரவும் வேண்டும். வெப்பமும் ஈரமும் டி.என்.ஏ.யை விரைவில் சிதைக்கின்றன. பல்லிலும் தொடை எலும்பிலும் ஓரளவு நம்பிக்கை வைக்கலாம். அடுத்தது, தரவு யார் கையில் என்பது. காணாமல் ஆக்கிய அரசிடமே தாயின் குருதியைக் கொடுப்பதா? இயக்கங்கள் கொண்டுபோன பிள்ளைகளின் தாய்மாரும் எம்மிடையே உள்ளனர். அவர்களின் குருதிக்கும் அந்த வங்கியில் இடமுண்டா?

இதைவிடப் பெரிய மறுப்பு தாய்மாரிடமிருந்தே வருகிறது. ஆர்ஜென்ரீனாவில் அன்னையர் அமைப்பின் ஒரு பகுதியினர் எலும்பைத் தோண்டுவதையே எதிர்த்தனர். உயிரோடு கொண்டுபோனீர்கள், உயிரோடு தாருங்கள் என்றனர். 2017 பெப்ரவரி முதல் வடக்கு கிழக்கில் தெருவோரம் இருக்கும் தாய்மாரில் பலரது நிலைப்பாடும் அதுவே. குருதி கொடுப்பது மரணத்தை ஒப்புக்கொள்வது என்று அவர்கள் கருதினால் அதை அறியாமை என்று தள்ள எனக்கு உரிமையில்லை. எனினும் ஆர்ஜென்ரீன வங்கி முதலில் உயிரோடிருந்த பிள்ளைகளைத் தேடவே உண்டாக்கப்பட்டது என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்லலாம். பொஸ்னியாவில் அகதிகளாகச் சிதறியவர்களிடம் அவர்கள் வாழ்ந்த நாடுகளிலேயே குருதி சேகரித்தார்கள். ஸ்ரெப்ரெனிற்சாவின் பெரும்பாலான பெயர்கள் அப்படித்தான் மீண்டன. அந்த அட்டையில் சில துளிகள் விட்டு உலர்த்தினால் போதும், குளிரூட்டியும் தேவையில்லை.

எங்கள் மாடிக் குடியிருப்பில் ஓர் அம்மா இருந்தா. 1996 இல் மகனைத் தொலைத்தவ. "தம்பி, உங்கடை வேலை இரத்தம் பாக்கிறதுதானே" என்று ஒருமுறை கேட்டா. நான் சிரித்துவிட்டு, வேறு கதை கதைத்தேன். மூன்று வருடங்களுக்கு முன் அவ காலமானா, தகனம் செய்தார்கள். போன மாதம் மகள் வந்து கேட்டா, தன்னுடையது உதவுமா என்று. உதவும்: தாய்வழி வரிசை அப்படியே இருக்கிறது. கருவின் டி.என்.ஏ.யில் தாய் தந்திருக்கக்கூடிய உறுதியைச் சகோதரி தனியே தரமாட்டா, ஆனால் கனடாவிலுள்ள மற்றச் சகோதரனையும் சேர்த்தால் கணக்கு வலுப்படும். விரலில் குத்தி நான்கு துளி எடுத்தேன். அட்டை காய்ந்ததும் கடித உறையில் போட்டு ஒட்டினேன். எடுத்தவர், சாட்சி, கையளிப்புப் பதிவு எதுவும் ஒழுங்காக இல்லாததால் எந்த நீதிமன்றமும் அதை ஏற்காது. அது அவவுக்கும் தெரியும். அனுப்புவதற்கு ஒரு முகவரியும் இல்லை. உறை என் மேசை இலாச்சியில் இருக்கிறது.