பல்லாரியில் பிறந்த பொறி. சென்னையில் எரிந்த விளக்கு

வக்கீல்களும் கல்லூரி மாணவர்களும் அரிதாரம் பூசிய கதை

நாடகம் என்றால் முகம் சுளித்த காலம் ஒன்று இருந்தது. பார்க்கப் போவார்கள், விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆனால் தம் வீட்டுப் பிள்ளை மேடையேறுகிறான் என்று தெரிந்தால் வீடே இரண்டுபட்டுப் போகும். "கூத்தாடி" என்பது தொழிலின் பெயர் அல்ல, வசவு. நடிப்பவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குவார்கள்.

அந்த வசவைத் துடைத்தெறிய முன்வந்தவர்களில் முதல் வரிசையில் நிற்பது சென்னை சுகுண விலாச சபை. இதை நாடகப் பிரியர்கள் பலரும் அறிவார்கள். ஆனால் அந்தச் சபைக்கு வித்திட்டது இன்றைய கர்நாடகத்து ஊர் ஒன்று என்பதை இங்குள்ள தமிழர்களிலேயே எத்தனை பேர் அறிவார்கள்? அந்த ஊர் பல்லாரி.

பல்லாரி அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. (மைசூர் ராஜ்யத்தோடு இணைந்தது 1953 அக்டோபரில்தான்.) அங்கே வக்கீலாக இருந்தவர் தர்மவரம் கிருஷ்ணமாசார்லு. கோர்ட்டில் வாதாடிய நேரம் போக மீதி நேரத்தில் தெலுங்கில் நாடகம் எழுதினார், எழுதியதில் தாமே நடிக்கவும் செய்தார். அவருடைய சரச வினோதினி சபையில் கூலிக்கு நடித்தவர் எவரும் இல்லை. படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் ஆசைக்காகவே வேஷம் கட்டினார்கள்.

இந்தச் சபையார் 1891-ல் சென்னைக்கு வந்து நாடகங்கள் போட்டார்கள். பார்க்கப் போனவர்களில் ஒருவர் ஆச்சாரப்பன் தெருவைச் சேர்ந்த 18 வயது இளைஞர். தமிழ் நாடகம் என்றாலே அதுவரை அவருக்கு வெறுப்பு. ஆங்கில நாடகமே நாடகம் என்று நினைத்திருந்தவர். மேடையில் நிற்பவர் ஒரு வக்கீல் என்று அறிந்ததும் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. பெரிய மனிதர்கள் நடிக்கலாம் என்றால் நாம் ஏன் நடிக்கக் கூடாது? தெலுங்கில் முடியும் என்றால் தமிழில் ஏன் முடியாது?

அந்த இளைஞர்தான் பம்மல் சம்பந்த முதலியார்.

அதே ஆண்டு ஜூலை முதல் தேதி, ஒரு சில நண்பர்கள் கூடிச் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். பையன்களின் விளையாட்டு, நாலு மாதம் தாங்காது என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள்.

சந்தா கட்டி நடித்தவர்கள்

தொழில்முறைக் கம்பெனிகளில் நடிகனுக்குச் சம்பளம் உண்டு. இங்கே நடிகன் சந்தா கட்டவேண்டும்! கைக்காசைப் போட்டு, பகலெல்லாம் ஆபீசிலோ கோர்ட்டிலோ உழைத்துவிட்டு, மாலையில் ஒத்திகைக்கு வரவேண்டும். ஒத்திகை நடத்தும் பொறுப்பு சம்பந்த முதலியாருடையது. அந்தப் பதவிக்குச் சபையில் வைத்திருந்த பெயர் "கண்டக்டர்". இன்று கேட்டால் சிரிப்பு வரும். பஸ் வருவதற்கு முந்தைய கண்டக்டர் அவர்.

1893-ல் "புஷ்பவல்லி" மேடையேறியது. 1895-ல் "மனோகரா" வந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்ட இளவரசனாகச் சம்பந்த முதலியாரே நடித்தார். பிற்காலத்தில் எத்தனையோ கம்பெனிகள் அந்த நாடகத்தை எடுத்துக்கொண்டன. 1954-ல் கருணாநிதி வசனத்தில் சிவாஜி கணேசன் திரையில் முழங்கியதும் இந்த மனோகரனாகத்தான். திரையில் பார்த்தவர்களுக்கு வசனகர்த்தாவின் பெயரும் நடிகரின் பெயரும் நினைவிருக்கின்றன. கதையை முதலில் மேடைக்குத் தந்தவரின் பெயர் பலருக்கு நினைவில்லை. இது கொஞ்சம் வருத்தப்பட வேண்டிய விஷயம்தான்.

பாட்டுக்கு நடுவே பேச்சு என்றிருந்ததை மாற்றிப் பேச்சையே நாடகமாக்கியது அவருடைய சாதனை. ஹாம்லெட் அவர் கையில் "அமலாதித்யன்" ஆனான். வெனிஸ் நகர வணிகன் "வாணீபுர வணிகன்" ஆனான். எஜமானனுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர் வைத்து அவர் எழுதிய "சபாபதி" 1941-ல் படமாக வந்து சிரிப்பு மூட்டியது. இன்றும் அந்தப் படத்தைப் போட்டால் பார்ப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

சபையின் மேடையில் நின்றவர்களின் வரிசையைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பின்னாளில் சட்டசபையிலும் பொதுக்கூட்டங்களிலும் இடியாய் முழங்கிய தீரர் சத்தியமூர்த்தி இங்கே வேஷம் கட்டியவர். சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி ஆர்.கே. சண்முகம் செட்டியாருக்கும் இந்தச் சபையோடு உறவு உண்டு. சம்பந்த முதலியாரே 1920-களில் ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதியாக இருந்தவர். கூத்தாடி என்று எவரைச் சொல்வது?

ரங்கவடிவேலு

பெண்கள் மேடையேறாத சபை அது. பெண் வேஷமும் ஆண்களுக்கே. கதாநாயகனாகச் சம்பந்த முதலியார் நின்றால், எதிரே கதாநாயகியாக நின்றவர் சி. ரங்கவடிவேலு. ஆண்டுக்கணக்கில் இந்த ஜோடிதான். மேடைக்கு வெளியிலும் இணைபிரியாத நண்பர்கள். ரங்கவடிவேலு முந்திக் காலமானார். 1930-களில் சம்பந்த முதலியார் "நாடக மேடை நினைவுகள்" எழுதியபோது, எந்த நாடகத்தைப் பற்றித் தொடங்கினாலும் அந்த நண்பரிடம் போய் நிற்கிறார். நாடக சரித்திரம் வேண்டி அந்த நூலைப் பிரிப்பவர்கள் ஒரு நட்பின் சரித்திரத்தையும் சேர்த்துப் படித்துவிட்டு மூடுகிறார்கள்.

ரயிலும் கப்பலும்

சபை என்பது நாடகம் மட்டும் அல்ல. கூடிச் சாப்பிடவும், அரட்டை அடிக்கவும், ஊர் சுற்றவும் ஓர் இடம் வேண்டும் என்ற ஆசையும் அதில் உண்டு. விக்டோரியா பப்ளிக் ஹாலில் இடம் கிடைத்த பிறகு சபைக்கு மாலைப் பொழுதின் கலகலப்பும் சேர்ந்துகொண்டது. சென்ட்ரல் ஸ்டேஷனை அடுத்து, ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் நிற்கும் சிவப்புக் கட்டடம் அது. சென்னைக்குப் போகும் பெங்களூர்க்காரர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் பார்க்கலாம்.

வெளியூர்ப் பயணம் என்றால் திருவிழா. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை கிடைக்கவேண்டும். படுதாக்கள், உடுப்புப் பெட்டிகள், பக்கவாத்தியம், சமையல் ஏற்பாடு எல்லாம் கூடவே ரயிலேறவேண்டும். இப்படிப் பெங்களூருக்கும் சபையார் வந்து நாடகம் போட்டுப் போயிருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய பயணம் கொழும்புப் பயணம். அந்நாளில் தனுஷ்கோடிப் படகு வழி ஏற்படவில்லை. அது 1914-ல் வந்தது. அதற்கு முன் தூத்துக்குடி வரை ரயில், பிறகு கப்பல். கடலைக் கண்டு மயங்கி விழுந்தவனும் மறுநாள் ராஜாவாக மேடையில் நிமிர்ந்து நிற்கவேண்டும்! அந்தப் பயணம் வீண் போகவில்லை. சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்டு இலங்கையில் நாடகம் வளர்த்தவர் கலையரசு சொர்ணலிங்கம். பல்லாரியில் பிறந்த பொறி சென்னை வழியாகக் கடல் கடந்தது.

பல்லாரியும் சும்மா இருக்கவில்லை. கிருஷ்ணமாசார்லுவின் மருமான் பல்லாரி ராகவாவும் வக்கீல்தான். நடிப்பில் மாமனையும் மிஞ்சினார் என்பவர்கள் உண்டு. பெண் வேஷத்தைப் பெண்களே போடவேண்டும் என்று அவர் வாதாடினார், செய்தும் காட்டினார். ஆணாகிய ரங்கவடிவேலுவின் நடிப்பில் மெய்மறந்த தலைமுறைக்கு அது எளிதில் செரிக்கவில்லை. ஆனால் காலம் ராகவாவின் பக்கம் நின்றது. ரங்கவடிவேலுவின் கலை அதனால் குறைந்துவிடவில்லை. அந்த வழியில் பின்னால் வர ஆள் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

ராகவா 1946-ல் மறைந்தார். சம்பந்த முதலியார் 1959-ல் பத்மபூஷண் விருது பெற்று, 1964-ல் தொண்ணூறு வயதைத் தாண்டிக் காலமானார். சென்னை அண்ணா சாலையில் சுகுண விலாசத்தின் பெயர் எஸ்.வி.எஸ். கிளப் என்ற மூன்றெழுத்தாக இன்னும் இருக்கிறது. பல்லாரியில் ராகவா பெயரால் ஒரு கலாமந்திரம் உண்டு. அந்தப் பக்கம் போகிற தமிழர்கள் ஒரு நடை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.