ஊருணியும் ஊசியும்

நுழையும்முன்

நோயைத் தடுக்கும் வழியை மருத்துவம் காட்டுகிறது. அவ்வழியில் நடப்பதா, வேண்டாவா என்பதை மனித மனம் முடிவுசெய்கிறது. அம்மனத்தில் வேரூன்றிய விழுமியங்கள் நலவாழ்வு அறிவுரைகளை ஏற்கவும் மறுக்கவும் எவ்வாறு காரணமாகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

புலப்படாததை மதித்தல்

புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள ஆவுடையார்கோவில், திருப்பெருந்துறை என்னும் பழம்பெயர் கொண்டது; மாணிக்கவாசகரின் வரலாற்றோடு பிணைந்தது. இங்குள்ள ஆத்மநாதர் கோவில் கருவறையில் ஆவுடை உண்டு. அதன்மேல் இலிங்கத் திருமேனி இல்லை. புழுங்கலரிசிச் சோற்றின் ஆவியே இறைவனுக்கு உரிய படையலாகிறது. கண்ணுக்குப் புலப்படாத ஒன்றின்பொருட்டு மக்கள் தம் நடத்தையை ஒழுங்குபடுத்திக்கொள்வர் என்பதற்கு இவ்வழிபாடு சான்று.

நோய்க்கிருமியும் கண்ணுக்குப் புலப்படாததே. ஆயினும், 'கிருமி உண்டு. கவனமாக இருங்கள்' என்று சொன்ன அளவில் எல்லாரும் கேட்டுவிடுவதில்லை. அறிவுரையானது கேட்பவர் உயர்வாகக் கருதும் ஒன்றோடு இணையும்போதுதான் செயலாக மாறுகிறது.

ஊர் காத்த நீர்

மழையை நம்பி வாழும் இப்பகுதியில் கண்மாய் பயிருக்கு, ஊருணி குடிநீருக்கு. ஊரார் உண்ணும் நீர் ஆதலின் அது ஊருணி எனப்பட்டது. வள்ளுவரும் ஒப்புரவாளரின் செல்வத்துக்கு ஊருணியையே உவமையாக்கினார். குடிநீர் ஊருணிக்குள் காலணியுடன் இறங்கலாகாது. துணி துவைத்தல் கூடாது. கால்நடைகளைக் குளிப்பாட்டுதல் கூடாது. நீரால் நோய் பரவும் முறையை அறிவியல் விளக்குவதற்கு முன்பே, 'இது நம் ஊர்ச்சொத்து' என்னும் எண்ணம் இவ்விதிகளைக் காத்தது. காவலரோ தண்டனையோ இல்லாத வேளையிலும் மக்கள் அவற்றைப் பின்பற்றினர்.

எனினும், தூய்மையின் பெயரால் மக்களுள் ஒரு பகுதியினரை நீர்நிலைகளிலிருந்து விலக்கி வைத்த கொடுமையும் தமிழ்நிலத்தில் நிகழ்ந்ததுண்டு. எனவே, விழுமியம் என்பதாலேயே ஒன்று நன்மையாகிவிடாது. அது யாரைக் காக்கிறது, யாரைக் கைவிடுகிறது என்று ஆராய்தல் வேண்டும்.

வேப்பிலை சொல்லும் செய்தி

அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவது தமிழர் வழக்கம். அதனைக் கண்டவர் வீட்டினுள் நுழையார். நோயுற்றவர் தனியே கிடத்தப்படுவார். எளிய, குளிர்ச்சியான உணவு தரப்படும். அம்மன்மீது கொண்ட பத்தியால் எழுந்த இவ்வழக்கம், தொற்று பரவாமல் தடுக்கும் தனிமைப்படுத்தலாகவும் பயன்பட்டது.

அதே பத்தி மற்றொரு திசையிலும் செயற்பட்டது. எட்வர்டு ஜென்னர் 1796இல் கண்டறிந்த பெரியம்மைத் தடுப்பு முறை 1802இல் இந்தியாவுக்கு வந்தது. 'அம்மை என்பது அன்னையின் வருகை. அதைத் தடுப்பது அவளைச் சினங்கொள்ளச் செய்யும்' என்று பலர் அஞ்சினர். தாக்கியவர்களுள் ஏறத்தாழப் பத்தில் மூவரைக் கொன்ற நோய் அது. உயிர் பிழைத்தவருள் பலர் பார்வையை இழந்தனர். தம் குழந்தையைக் காக்க வேண்டும் என்ற அன்போடுதான் பெற்றோர் ஊசியை மறுத்தனர். மறுப்பின் விலையைக் குழந்தையே கொடுத்தது.

மறுப்பின் மற்றொரு முகம்

இதனை அறியாமை என்று மட்டும் கூறி ஒதுக்கிவிட இயலாது. ஜென்னர் பிறந்த இங்கிலாந்திலேயே, குழந்தைகளுக்குத் தடுப்பு முறையைக் கட்டாயமாக்கி 1853இல் சட்டம் இயற்றப்பட்டபின் எதிர்ப்பு வலுத்தது. 1885இல் லெஸ்டர் நகரில் பெருந்திரளான மக்கள் ஊர்வலம் சென்றனர். 'என் குழந்தையின் உடல்மீது அரசுக்கு என்ன உரிமை?' என்பது அவர்கள் வினா. முடிவில், 1898ஆம் ஆண்டுச் சட்டம் மனச்சான்றின் பெயரால் விலக்குப் பெற வழிவகுத்தது. தமிழகத்தில் தடையாக நின்றது தெய்வ அச்சம். இங்கிலாந்தில் தடையாக நின்றது தனிமனித உரிமை. இரண்டிலும் மக்கள் தாம் உயர்வாகப் போற்றிய ஒன்றையே காக்க முயன்றனர்.

இணைக்கும் பாலம்

சென்னையில் பணியாற்றிய எல்லிஸ் இவ்வுண்மையை உணர்ந்தவர். தடுப்பு மருந்தானது பசுவின்வழி அன்னை அருளிய கொடை எனக் கூறும் கதை ஒன்றைப் பழங்கதையின் வடிவில் அவர் எழுதினார். மக்களின் நம்பிக்கையைப் பகையாகக் கருதாமல் அதனோடு உரையாட முயன்றது பாராட்டத்தக்கது. ஆயினும், நம்பிக்கையை மதிப்பது வேறு. அதனைக் கருவியாக்கிக் கொள்வது வேறு. உண்மையைச் சொல்லிப் பெறும் இசைவே நிலைக்கும்.

தெரிந்து தெளிவோம்
1818இல் சென்னையில் குடிநீர்த் தட்டுப்பாடு நேர்ந்தபோது எல்லிஸ் இருபத்தேழு கிணறுகளை வெட்டச் செய்தார். அச்செய்தியைக் கூறும் கல்வெட்டில் திருக்குறளும் இடம்பெற்றுள்ளது.

இன்றைய சோதனை

தடுப்பூசியின் துணையோடு பெரியம்மை ஒழிக்கப்பட்டதை உலக நலவாழ்வு நிறுவனம் 1980இல் அறிவித்தது. விழுமியங்களின் சோதனை அத்துடன் முடியவில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதக் குழந்தைகள் முதல் பதினைந்து வயதுக்குட்பட்டோர் வரை தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி போடும் இயக்கம் தொடங்கியது. வாட்ஸ்அப் வழியே பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர்; இயக்கத்தின் காலம் நீட்டிக்கப்பட்டது. ஊசி போட்டுக்கொள்ளச் செய்தவரும் தடுத்தவரும் குழந்தையின் நலனையே விரும்பினர். விருப்பம் ஒன்றே, யாரை நம்பினர் என்பதே வேறுபாடு.

இங்குதான் ஊர்ச் செவிலியரின் பணி சிறக்கிறது. அம்மை கண்ட வீட்டின் வேப்பிலையை எள்ளி நகையாடும் செவிலியருக்கு அவ்வீட்டுக் கதவு மூடப்படும். 'வேப்பிலை இருக்கட்டும், அம்மா. யாரையும் உள்ளே விடாதது நல்லது. காய்ச்சல் கூடினால் மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள்' என்பவர் சொல்லுக்கு அவ்வீடு செவிசாய்க்கும். அறிவியலில் சிறிதும் விட்டுக்கொடுக்காமல் மனத்தை மதிக்கும் முறை இது.

ஊருணியைக் காத்த எண்ணம் ஊசியையும் ஏற்கச் செய்ய வல்லது. ஒருவர் கால் அழுக்கு ஊர்நீரைக் கெடுப்பது போல, ஒருவரைப் பற்றிய தொற்று ஊரையே பற்றும். தன் உடல்நலமும் ஊர்ப்பொதுச் சொத்தே என்னும் உணர்வு வளருமாயின், நலவாழ்வு அறிவுரை கட்டளையாக ஒலிக்காது. ஊர் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட ஒழுக்கமாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நீர்நிலைகளைக் காக்கப் பின்பற்றப்படும் வழக்கங்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.
2. தடுப்பூசிக்குத் தயங்கும் பெற்றோருக்கும் செவிலியருக்கும் இடையே நிகழும் உரையாடலை எழுதி வகுப்பில் நடித்துக் காட்டுக.
3. 'தனிமனித உரிமையும் பொதுநலமும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.