கொடுவா மீனும் இருவகை நீரும்

இராயபுரமும் திருவொற்றியூரும் கடந்து வடக்கே செல்வார்க்கு எண்ணூர்க் கழிமுகம் தோன்றும். கொசத்தலையாறு கடலொடு கலக்குமிடம் அது. ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் பெருகுங்கால் அக்கழியின் உவர்ப்பு மிகக் குறையும். கோடையிலோ கடல்நீரே உட்புகுந்து நிற்கும். இவ்விரு நிலையிலும் கொடுவாவும் மடவையும் உயிர்வாழ்தல் எங்ஙனம்? இதனைச் சிறிது ஆராய்வாம்.

கடல்நீர் ஆயிரம் பங்கில் உப்பு ஏறக்குறைய 35 பங்காகும். இம்மீன்களின் குருதியிலுள்ள உப்புச் செறிவோ அதில் மூன்றிலொரு பங்கேயாம். மெல்லிய தோலின் வழியே நீரானது உப்புக் குறைந்த பக்கத்தினின்று மிகுந்த பக்கத்திற்குச் செல்லும் இயல்பினது. ஆகலின், நன்னீரில் வாழும் மீனின் உடலுள் நீர் ஓயாது புகும். கடல்மீனின் உடலினின்று ஓயாது வெளியேறும். முன்னதற்கு நீர் மிகுதியால் இடர்; பின்னதற்கோ நீர் நடுவே நின்றும் விடாய்!

இவ்விடரைக் களைவதில் சிறுநீரகத்தின் பங்கு பெரிது. நன்னீரில் அதன் நுண்ணிய முடிச்சுக்கள் குருதியை மிகுதியாக வடிக்கின்றன. அவற்றைத் தொடர்ந்த குழல்கள் உப்பை மீட்டுக்கொண்டு நீரைப் பெருக வெளிவிடுகின்றன. கடலிலோ வடித்தல் குறைந்து, சிறுநீர் சிறிதே சுரக்கும். கடல்மீன் இழந்த நீரை ஈடுசெய்யக் கடல்நீரையே பருகும் என்பதை ஹோமர் ஸ்மித் என்னும் அறிஞர் 1930-இல் விளக்கினார். அங்ஙனம் புகுந்த உப்பு முழுவதையும் சிறுநீரகம் கழித்தல் இயலாது. குருதியினும் செறிந்த சிறுநீரை ஆக்கும் வன்மை அதற்கில்லை. மக்னீசியத்தையும் சல்பேட்டையும் அது கழிக்க, கறியுப்பைச் செவுள்கள் வெளியேற்றுகின்றன. ஒருவர் குறையை மற்றவர் நிரப்பும் நல்ல குடும்பம் போல்வது இது.

இம்மாற்றம் நொடியில் நிகழ்வதன்று. புரோலாக்டின் நன்னீர் வாழ்வுக்கும் கார்ட்டிசால் கடல் வாழ்வுக்கும் உறுப்புக்களைப் பதப்படுத்துகின்றன. அது முற்றுப்பெற நாட்கள் சில வேண்டும். ஆறும் கடலும் மெல்ல மெல்லக் கலக்கும் கழிமுகமே அக்கால அவகாசத்தை அளிப்பது. முகத்துவாரம் மணலால் தூர்ந்தாலும், கழியில் சாம்பல் படிந்தாலும் அவ்வழி அடைபடும். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணெய் இக்கழியிற் பரவி, மீனவர் வலைகளும் படகுகளும் கறைபட்டதை நாமறிவோம். உப்பை வெல்லக் கற்ற சிறுநீரகம் எண்ணெயை வெல்லக் கற்றதில்லை. மீன் தன் கடமையை வழுவாது செய்கிறது. கழியைக் காக்கும் கடமை நம்முடையதே.