செம்மண் தண்ணீருக்குள் இறங்கும்போது

மீன் தொட்டியில் செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது விளக்கைப் பற்றி. அடுத்தது காபனீரொட்சைட்டு சிலிண்டர், அதற்கும் அடுத்தது பசளைப் போத்தல். அடியில் என்ன மண் போடுவது என்ற கேள்வி கடைசியில்தான் வரும், பல வீடுகளில் வராமலே போய்விடும். நீலச் சாயம் பூசிய கல்லில் ஒரு பை வாங்கிக் கொட்டிச் செடியை ஊன்றிவிடுவார்கள். இரண்டு மாதத்தில் இலை மஞ்சளாகும், மூன்றாம் மாதம் தண்டு அழுகும். பழி விளக்கின் மேல் விழும்.

நன்னீர்ச் செடிகளில் பெரும்பாலானவை, குறிப்பாக இலங்கையின் சொந்தச் செடியான கிரிப்டோகொரைன் இனங்கள், வேரால் உண்ணுகிறவை. நீரில் எவ்வளவு பசளை கலந்தாலும் அவற்றுக்கு அடிமண்தான் அடுக்களை.

இந்த அடிமண் விடயத்தைப் படிப்பதற்கு வண்ணாத்திவில்லைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். புத்தளம் நகருக்கு வடக்கே, கலா ஓயாவுக்கு இப்பால் இருக்கும் அந்த நிலத்தில் கஜு மரங்களுக்கு அடியில் இருப்பது சிவந்த மண். அதற்குக் கீழே மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். அருவக்காட்டில் சீமெந்துக்காக வெட்டியெடுப்பது இந்தக் கல்லைத்தான். மேற்கே போனால் புத்தளம் களப்பின் கருஞ்சேறும் கண்டற்காடும். வடக்கே ஆற்று மணல், ஆற்றைத் தாண்டினால் வில்பத்துத் தேசியப் பூங்காவின் வில்லுகள், அதாவது மழைநீர் தேங்கி நிற்கும் ஆழமற்ற இயற்கைக் குளங்கள். சிவப்பு மண், வெள்ளைக் கல், கருஞ்சேறு, ஆற்று மணல் என்று நான்கும் பக்கத்துப் பக்கத்திலேயே கிடக்கின்றன. நான்கில் இரண்டுதான் மீன் தொட்டிக்கு உதவும்.

முதலில் தள்ள வேண்டியது சுண்ணாம்பு கலந்த மணல். பார்வைக்கு ஆற்று மணலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சோதிப்பது எளிது. ஒரு தேக்கரண்டி மணலைக் கண்ணாடிக் கோப்பையில் போட்டு, அது மூழ்கும்வரை வினாகிரி ஊற்றி, கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கல்சியம் காபனேற்று இருந்தால் மணிகளின் இடுக்கிலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாக மேலேறும், காதருகே வைத்தால் மெல்லிய இரைச்சல்கூடக் கேட்கும். சிப்பித் தூள் உள்ள மணலில் குமிழி விடும் துண்டைத் தனியாகவே அடையாளம் காணலாம். சுத்தமான குவாட்சு மணல் வினாகிரியில் ஒரு சலனமும் இல்லாமல் கிடக்கும். தொட்டிக்கு வேண்டியது அதுதான்.

சுண்ணாம்பு நீரில் கரையக் கரையக் கடினத்தன்மை ஏறும், பீ.எச். உயரும். அப்போது இரும்பும் பொசுபேற்றும் செடிக்கு எட்டாத வடிவத்துக்குப் போய்விடும். வண்ணாத்திவில்லு நிலத்தடி நீர் ஏற்கெனவே சுண்ணாம்புக்கல்லின் ஊடாக வருவது. சுண்ணாம்பு ஊர்களின் கேத்தல் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. அத்தகைய நீருக்கு அடியில் மேலும் சுண்ணாம்பை வைப்பது செடிக்குச் செய்யும் கொடுமை.

இங்கே இறக்குமதி மண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜப்பானின் நீகாட்டாவில் 1982 இல் தக்காஷி அமானோ தொடங்கிய ஏ.டி.ஏ. நிறுவனம் குறுணை வடிவில் மண் தயாரித்து விற்கிறது. நல்ல பொருள்தான். நீரின் கடினத்தன்மையை உறிஞ்சி, பீ.எச்.சைக் குறைத்துக் கொடுக்கும். ஆனால் அந்த உறிஞ்சும் சக்திக்கு எல்லை உண்டு. மென்மையான நீரில் நெடுநாள் நிற்கும் மண், சுண்ணாம்புக் கிணற்று நீரில் வெகு சீக்கிரம் ஓய்ந்துவிடும். மாரியில் கூரையிலிருந்து பிடித்த மழைநீரைக் கிணற்று நீரோடு கலந்தால் அந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சம். வில்லுகள் சுண்ணாம்பு நாட்டின் பக்கத்தில் இருந்தும் செடி செழித்துக் கிடப்பதில் மழைநீருக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்துத் தள்ள வேண்டியது களப்புச் சேறு. கறுத்த சேறு என்றால் வளமான சேறு என்று நினைப்பவர்கள் அதிகம். வயலில் அது பெரும்பாலும் சரி, கண்டற்கரையில் சரியில்லை. கடல் நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேற்று இருக்கிறது. ஒட்சிசன் இல்லாத சேற்றில் வாழும் பற்றீரியாக்கள் அந்தச் சல்பேற்றை ஐதரசன் சல்பைட்டாக மாற்றுகின்றன. சேற்றைக் கிண்டினால் எழும் கூழ்முட்டை நாற்றம் அதுதான், வேருக்கும் மீனுக்கும் நஞ்சு. அதே சேற்றை வெயிலில் காயவைத்தால் வேறொரு வினை: உள்ளே இருக்கும் இரும்புச் சல்பைட்டு காற்றுப் பட்டுச் சல்பூரிக்கமிலமாக மாறும். இறால் வளர்க்கும் நாடுகள் பலவற்றில் கண்டல் நிலத்தைக் குடைந்து கட்டிய குளங்கள் இப்படித்தான் அமிலம் ஊறிக் கெட்டன. கண்டலை வெட்டிப் பண்ணை வைத்து, பிறகு அதைக் கைவிட்டுப் போன கதை புத்தளம் மாவட்டத்துக்கும் உண்டு. கண்டல் சேறு கண்டலுக்கு உரியது. ஒரு வாளிகூட அங்கிருந்து எடுக்கக்கூடாது.

மிஞ்சுவது செம்மண். இனி வருவதுதான் இந்தக் கதையின் சுவையான பகுதி.

காய்ந்த மண்ணும் நீரில் மூழ்கிய மண்ணும் ஒரே மண் அல்ல. இதைத் துல்லியமாக உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஓர் இலங்கையர், பீலிக்ஸ் பொன்னம்பெரும. இலங்கை வயல்களில் நெல் இலை செம்பு நிறமாகிக் கருகும் ஒரு நோய் இருந்தது. அதற்குக் காரணம் கிருமியல்ல, மூழ்கிய மண்ணிலிருந்து மிதமிஞ்சிக் கரையும் இரும்பு என்று 1955 இல் ‘நேச்சர்’ இதழில் அவரும் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் எழுதினார்கள். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டு அவர் பெற்ற கலாநிதிப் பட்டமும் மூழ்கிய மண்ணைப் பற்றியதே. பிறகு பிலிப்பைன்சின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்து, 1972 இல் ‘மூழ்கிய மண்களின் இரசாயனம்’ என்ற நீண்ட ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். நெல்லுக்காக எழுதப்பட்ட அதன் ஒவ்வொரு பக்கமும் மீன் தொட்டிக்கும் பொருந்தும்.

மண்ணுக்குள் நீர் புகுந்ததும் காற்றுத் துளைகள் அடைபடுகின்றன. நீருக்குள் ஒட்சிசன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப்போல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மண்ணில் இருக்கும் பற்றீரியாக்கள் கிடைத்த ஒட்சிசனை ஓரிரு நாளுக்குள் முடித்துவிட்டு அடுத்ததைத் தேடும். எழுபதுகளின் தட்டுப்பாட்டில் அரிசி தீர்ந்த வீடுகள் கோதுமை மாவுக்கும், மாவும் தீர்ந்தபின் மரவள்ளிக் கிழங்குக்கும் இறங்கியதுபோல, அவை முதலில் நைத்திரேற்றை எடுக்கும், பிறகு மங்கனீசை, பிறகு இரும்பை, அதன் பிறகு சல்பேற்றை. எல்லாம் தீர்ந்தால்தான் மெதேன்.

இரும்பின் முறை வரும்போது நிறம் மாறுகிறது. செம்மண்ணின் சிவப்பு என்பது மணல் மணிகளின் மேல் பூசியதுபோல் ஒட்டியிருக்கும் இரும்பு ஒட்சைட்டு, ஒருவகைத் துரு. அது நீரில் கரையாது. பற்றீரியா அதைக் கரையும் இரும்பாக மாற்றும்போது சிவப்பு மங்கி, சாம்பல் தலைகாட்டுகிறது. வீட்டில் இதைப் பார்க்க ஒரு ஜாம் போத்தல் போதும். பாதிவரை செம்மண், ஒரு கரண்டி மக்கிய இலைத்தூள், மேலே நீர். சில வாரங்களில் கண்ணாடியை ஒட்டிச் சாம்பல் திட்டுகள் தோன்றும். ஆனால் நீரைத் தொடும் மேற்பரப்பில் மட்டும் சில மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு பழுப்புப் படை அப்படியே இருக்கும். மேலிருந்து ஒட்சிசன் எட்டுவது அந்த ஆழம் வரைதான்.

இதைவிட விந்தையானது பீ.எச். அமில மண்ணை மூழ்கவைத்தால், இரும்பு மாறும் வினை அமிலத்தைச் செலவழிப்பதால் பீ.எச். ஏறுகிறது. கார மண்ணை மூழ்கவைத்தால், வெளியேற வழியில்லாமல் சேரும் காபனீரொட்சைட்டு அதை இறக்குகிறது. இரண்டும் சில வாரங்களில் 6.7 க்கும் 7.2 க்கும் இடையில் வந்து நிற்கின்றன. எங்கிருந்து புறப்பட்ட மண்ணும் அநேகமாக நடுநிலைக்கே வந்து சேர்கிறது. பசளைப் போத்தலும் பீ.எச். மாற்றும் திரவமும் வாங்கத் தவிக்கிறவர்கள் செய்ய வேண்டியதெல்லாம் மண்ணை நனைத்துவிட்டுக் காத்திருப்பதே. மண்ணில் இரும்பும் கொஞ்சம் மக்கிய பொருளும் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான். வண்ணாத்திவில்லுச் செம்மண்ணில் இரும்பு தாராளம், மக்கிய பொருள் குறைவு. அதனால்தான் அந்த ஒரு கரண்டி இலைத்தூள்.

இப்படிக் கரைந்த இரும்பு வேரை நெருங்கும்போது கதை தலைகீழாகிறது. நீர்ச் செடியின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழல்கள் உண்டு. அவற்றின் வழியே இலையிலிருந்து இறங்கும் ஒட்சிசனில் கொஞ்சம் வேர்நுனியில் கசிகிறது. கசிந்த இடத்தில் இரும்பு திரும்பவும் துருவாகி வேரைச் சுற்றிச் செம்பழுப்புக் கவசமாகப் படிகிறது. வயலில் பிடுங்கிய நெல் நாற்றின் வேரில் காணும் சிவப்பு அதுதான். சாம்பல் மண்ணுக்கு நடுவே சிவந்த வேர் தெரிந்தால் செடி நலமாக இருக்கிறது என்று பொருள். செம்மண் செய்யும் இன்னொரு உபகாரமும் உண்டு: எங்காவது ஐதரசன் சல்பைட்டு உருவானால் இரும்பு அதைப் பிடித்துக் கரையாத கறுப்புச் சல்பைட்டாக்கி அடக்கிவிடும்.

செம்மண்ணின் குறை, அது சத்தைப் பிடித்து வைக்காது. அமோனியம், பொற்றாசியம், கல்சியம் போன்ற நேரேற்ற அயன்களைக் களிமண் தன் மேற்பரப்பில் பிடித்து வைத்திருந்து வேருக்குக் கொடுக்கும். செம்மண்ணில் உள்ள களி அந்த வேலையில் பலவீனமானது. வில்பத்துக்கு வடக்கே மன்னார்ப் பக்கம் முருங்கனில் இருக்கும் கரிய களி நேர் எதிர். மழையில் ஊதிப் பருத்து, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் அந்த மண், அயன்களைப் பல மடங்கு அதிகமாகத் தாங்கும். ஐந்து பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு முருங்கன் களி சேர்த்தால் ஒன்றின் இரும்பும் மற்றதன் பிடிமானமும் சேர்ந்து கிடைக்கும்.

தயாரிப்பில் பெரிய வித்தை இல்லை, பொறுமை வேண்டும். மண்ணை வீட்டு வளவிலிருந்தே எடுக்கலாம். மிளகாய், வெங்காயத் தோட்டத்து மண் வேண்டாம், அதில் பசளையும் மருந்தும் ஏறியிருக்கும். அரிதட்டில் சலித்து, கல்லையும் வேரையும் நீக்கி, வாளியில் ஊறவைத்து மிதப்பதைக் கொட்டிவிட்டு, சாக்கில் பரப்பிக் காயவைக்க வேண்டும். நனைப்பதும் காயவைப்பதுமாக மூன்று நான்கு முறை செய்தால், உடனே மக்கி அமோனியாவை விடக்கூடிய பொருள்கள் மண்ணிலேயே தீர்ந்துவிடும். பிறகு தொட்டியில் இரண்டரை முதல் மூன்று சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்பி, அதே தடிப்புக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர்ப் பருமனுள்ள ஆற்று மணலால் மூட வேண்டும். டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கர் 1999 இல் எழுதிய புத்தகத்தால் பரவலான முறை இது. மாவுபோன்ற மணல் இறுகிப்போகும், மூடுமணல் அதிகத் தடிப்பானால் அடிமண் மூச்சுமுட்டும்.

செடியை நட்டு நீர் நிரப்பியதும் மீனை விடக்கூடாது. புதிதாக மூழ்கிய மண்ணிலிருந்து அமோனியா கசியும். அதை நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக் கூட்டம் பெருகக் குறைந்தது நான்கு வாரமாவது ஆகும். இடையில் மணலிலிருந்து குமிழி கிளம்பினால் பயப்பட வேண்டாம். வாசனை இல்லாத குமிழி நல்லது. கூழ்முட்டை வாசம் வந்தால் மெல்லிய குச்சியால் அங்கங்கே குத்திவிடலாம். நம் குளங்களில் சாதாரணமாகக் காணப்படும், கூம்பு வடிவ ஓடுள்ள மெலனொய்டிஸ் நத்தைகளைச் சில விட்டுவைத்தால் குச்சி வேலையை அவையே பார்த்துக்கொள்ளும்.

அறுபது சென்ரிமீற்றர் நீளமும் முப்பது அகலமும் உள்ள தொட்டிக்கு மூன்று சென்ரிமீற்றர் மண் என்றால் ஐந்தரை லீற்றருக்கும் குறைவு. மணலும் அவ்வளவே. கட்டட வேலைக்கு வந்து முற்றத்தில் மிஞ்சிக் கிடக்கும் மணலே போதும், அதற்காக யாரும் கலா ஓயாவில் கைவைக்கத் தேவையில்லை. ஆறுகளில் மணல் தோண்டுவது ஏற்கெனவே அளவு மீறிய தொழில். வில்லுகளிலிருந்து செடியோ சேறோ எடுப்பது அதைவிட மோசம். வில்பத்து 1938 முதல் தேசியப் பூங்கா, 2013 முதல் ராம்சார் ஈரநிலமும்கூட. அங்கே ஒரு கிழங்கைப் பிடுங்குவதும் சட்டப்படி குற்றம். கரையோரத்தில் பவளக்கல் அகழ்வதை 1988 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமே தடைசெய்தது. அழகுக்காகப் பவளத் தூளை வாங்கி நன்னீர்த் தொட்டியில் கொட்டுவது கடலையும் கெடுத்துச் செடியையும் கெடுப்பது.

பழைய தொட்டியைக் கலைக்கும்போது மண்ணைக் குளத்தில் கொட்டுவதும் அதே அளவு தவறு. இலங்கைக்கே உரிய கிரிப்டோகொரைன் பெக்கெற்றி, டெக்சாசின் சான் மார்க்கஸ் ஆற்றில் களையாகப் பரவி, அதை அகற்ற அந்த ஊரார் பாடுபட வேண்டியதாயிற்று. இங்கே 1939 இல் வந்து சேர்ந்த சல்வீனியா நம் குளங்களையும் வயல்களையும் என்ன பாடுபடுத்தியது என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பழைய அடிமண்ணை வாழைக்கு அடியில் வெட்டிப் புதைப்பதே சரி, அது வாழைக்கும் நல்லது.

முதல் செடியாக, 1958 இல் டச்சுத் தாவரவியலாளர் டி விற் பெயர் சூட்டிய கிரிப்டோகொரைன் வெண்டியை நடலாம். கடின நீரையும் தாங்கும். பண்ணைகளில் வளர்த்து விற்கும் நாற்று கிடைக்கும்போது காட்டுச் செடி யாருக்கும் தேவையில்லை. நட்ட சில நாட்களில் இலைகள் கூழாகி உதிரலாம். காற்றில் வளர்ந்த இலைகள் நீருக்குள் வந்ததால் நேர்வது அது, கிழங்குக்கு ஒன்றும் ஆகியிராது. பிடுங்கிப் பார்த்தால்தான் கெடும். உதிர்ந்த இலையை மட்டும் எடுத்துவிட்டால், சில வாரங்களில் நீருக்கு ஏற்ற ஒடுங்கிய இலைகள் நடுவிலிருந்து வரும். ஓராண்டு கழித்து வளர்ச்சி தளர்ந்தால் மண்ணை மாற்ற வேண்டாம். செம்மண்ணையும் முருங்கன் களியையும் பிசைந்து கொட்டைப்பாக்கு அளவு உருண்டைகளாக உருட்டி, நன்றாகக் காயவைத்து, வேரிலிருந்து இரண்டு விரல் தள்ளி விரலாலேயே ஆழ அமுக்கிவிட்டால் போதும்.