ஏலக்காய் போகும் வழியும் எரிவாயு வரும் வழியும்

போடிநாயக்கனூர் ஏல மையத்தில் காய் விலை கிலோவுக்கு நூறு ரூபாய் இறங்கினால் ஊரே பேசும். ஹோர்முஸ் நீரிணையைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. பேசியாக வேண்டும்.

ஏலமலையில் விளைவதில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே விற்றுப்போகிறது. ஆனால் முதல்தரப் பச்சைக் காயைத் தேடி வாங்குபவர்கள் சவூதியிலும் அமீரகத்திலும் இருக்கிறார்கள். அரபுக் காப்பி ஏலக்காய் இல்லாமல் இறங்காது. துபாயின் ஜெபல் அலி, சவூதியின் தம்மாம் ஆகிய துறைமுகங்களுக்குக் கப்பல் போக வேண்டுமானால் ஹோர்முஸைத் தாண்டித்தான் போக வேண்டும். 2024-இல் அதே நீரிணை வழியாக நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய் வெளியேறியது. உலகம் எரிப்பதில் இது ஐந்தில் ஒரு பங்கு.

இந்தியா தன் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. இதற்கு டெல்லி கண்ட முதல் வழி, அயல்நாட்டு வயல்களில் பங்கு வாங்குவது. ஓஎன்ஜிசி விதேஷ் 2001-இல் ரஷ்யாவின் சகாலின்-1 திட்டத்தில் 20 சதவீதமும், 2003-இல் சூடானில் 25 சதவீதமும் பிடித்தது. 2005-இல் பெட்ரோகஜகஸ்தான் நிறுவனத்தைச் சீனா 418 கோடி டாலருக்குத் தட்டிக்கொண்டு போனது. அப்போது பெட்ரோலிய அமைச்சர் நம் மயிலாடுதுறையின் மணிசங்கர் ஐயர். ஒருவருக்கொருவர் விலையை ஏற்றிவிடுவானேன் என்று 2006 ஜனவரியில் பெய்ஜிங் போய் ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டார். அந்த மாதமே துறை கைமாறியது.

வாங்கிய பங்குகளின் கதையும் பெருமைப்படும்படி இல்லை. 2011-இல் சூடான் பிளந்தது. வயல்களில் பெரும்பகுதி தெற்கே, குழாய் வடக்கே. ரஷ்யப் பங்குகளின் லாபத்தொகை 2022-க்குப் பின் அந்நாட்டு வங்கிகளிலேயே முடங்கியது.

அடுத்த வழி, மலிவாகத் தருபவரிடம் வாங்குவது. உக்ரைன் போருக்கு முன் 2 சதவீதமளவில் இருந்த ரஷ்ய எண்ணெய், பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அதற்குத் தண்டனையாக 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. ஈரான் எண்ணெயை 2019-லேயே நிறுத்தவைத்ததும் அதே அமெரிக்காதான்.

மூன்றாவது, சேமிப்பு. விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் பாறைக் குகைகளில் 53.3 லட்சம் டன் கச்சா எண்ணெய் வைக்கலாம். நிரம்பியிருந்தால் ஒன்பதரை நாள் தேவைக்கு ஆகும். நிறுவனங்களின் கொள்ளளவையும் சேர்த்து 74 நாள் என்கிறது அரசு. 2021-இல் ஒப்புதல் பெற்ற சண்டிகோல் குகை இன்னும் எழவில்லை.

இத்தனையும் கச்சா எண்ணெய்க்கு. அடுப்புக்கு?

நாட்டின் சமையல் எரிவாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் இறக்குமதி. அதில் பெரும்பகுதி வளைகுடாச் சரக்கு. கச்சா எண்ணெய்க்கு ரஷ்யா கைகொடுத்ததுபோல எரிவாயுவுக்கு ஆளில்லை. 2026-க்கு அமெரிக்காவிடம் 22 லட்சம் டன் வாங்க ஒப்பந்தமானது. அது இறக்குமதியில் பத்தில் ஒரு பங்குதான். விசாகப்பட்டினம், மங்களூர் எரிவாயுக் குகைகள் இரண்டும் சேர்ந்தே 1.4 லட்சம் டன். ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு மேல் எரிக்கும் நாட்டில் அது இரண்டு நாளுக்குக்கூட வராது.

எண்ணெய் விலை ஏறுவதை மட்டும் போடி தாங்கிவிடும்: ஜீப் வாடகையும் மருந்தடிக்கும் செலவும் கூடும், வளைகுடாவில் பணம் புழங்குவதால் காய்க்கும் கிராக்கி இருக்கும். நீரிணை அடைபட்டால் கணக்கு வேறு. காய் மூட்டை கிடங்கில் தேங்கும் அதே வாரத்தில், பூப்பாறைத் தோட்டத்துக்கு விடியுமுன் ஜீப் ஏறும் பெண்ணின் வீட்டில் சிலிண்டர் வராது. ஒரு இழப்பை இன்னொன்று ஈடுகட்டாது. 2025 ஜூனில் ஈரான் நாடாளுமன்றம் நீரிணையை மூட ஒப்புதல் தந்தது. அன்று மூடப்படாதது நம் திட்டமிடலால் அல்ல.

தேனித் தொகுதியின் உறுப்பினர் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி கேட்கட்டும்: சமையல் எரிவாயுவுக்குத் தனி இருப்பு எத்தனை நாளுக்கு, எந்த ஆண்டுக்குள்?