நகத்தின் மெருகும் சருமத்தின் துயரும்

மங்கையர் விரும்பும் ஜெல் நகப்பூச்சு, புறவூதா விளக்கொளியில் இறுகும் இயல்புடையது. அதிற் பெரும்பாலும் சேர்க்கப்படும் ஹெமா எனும் இரசாயனம், முற்றாக இறுகுமுன் சருமத்திற் பட்டால் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். விரல் நுனிகளில் அரிப்பும் வெடிப்பும் தோன்றும். கைபட்ட கண்ணிமைகளும் சிவந்து வீங்குவதுண்டு.

ஒருமுறை பற்றிய இவ்வொவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நீங்காது. இவ்வினப் பொருள்கள் பற்குழியை அடைக்கும் கலவையிலும், செயற்கை மூட்டைப் பொருத்தும் பசையிலும் உள. ஆதலின் பிற்காலச் சிகிச்சைக்கும் அது இடையூறாகலாம்.

ஹெமா கலந்த நகப்பூச்சைத் தொழில்முறையாளர் மாத்திரமே கையாளவேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2020ஆம் ஆண்டில் விதி செய்தது. ஆகவே, வீட்டில் தாமே பூசிக்கொள்வதைத் தவிர்த்தல் நன்று. அரிப்புக் கண்டவர்கள் பூச்சை நிறுத்திச் சரும வைத்தியரை நாடுவதோடு, பல் வைத்தியரிடமும் அதனைத் தெரிவித்தல் வேண்டும்.